குழாய் கொண்டு வந்தால் ஒரு ரெக்கார்டு

அரிதாகக் கிடைக்கும் சரக்கை ஆளுக்கு ஒன்றுதான் என்று அளவு வைத்து விற்கலாமா, அல்லது வருகிறவன் கேட்டதைக் கொடுத்துவிட்டுக் கல்லாவை மூடலாமா என்று யாராவது விவாதம் ஆரம்பித்தால் நான் எழுந்து வெற்றிலை போடப் போய்விடுவேன். அளவு வைத்து விற்றுப் பார்த்தவன் நான். வைத்தது சரி என்றுதான் இன்றும் சொல்வேன். வாங்க வந்தவர்கள் சரியில்லை என்றால் அதற்கு நான் என்ன செய்வது?

எழுபதுகளின் கடைசியில் சேலம் கடைவீதியில் எனக்கு ஒரு ரெக்கார்டு கடை இருந்தது. கேசட் என்பது அப்போது துபாய்க்குப் போய் வந்தவர்கள் வீட்டில் மட்டும் இருந்த பொருள். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை என்று எது நடந்தாலும் மைக் செட்காரர் வந்து மரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, ரெக்கார்டைச் சுழலவிட்டால்தான் அது விசேஷம். அதனால் என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் மைக் செட்காரர்கள். ரெக்கார்டை விற்பதற்கு முன் கடையிலேயே இரண்டு பக்கமும் ஓட்டிக் காட்டிவிடுவேன். கூட்டம் நெருக்கினால் ஒவ்வொரு பக்கத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் ஊசியை வைத்துக் காட்டுவேன். கீறல் இல்லை என்று காதால் கேட்டுவிட்டு வாங்கிப் போக வேண்டியது. வாசல் தாண்டினால் திருப்பி எடுப்பதில்லை.

மைக் செட் இல்லாத வாடிக்கையாளர்களில் ஒருவரைத் தனியாகச் சொல்ல வேண்டும். பள்ளிபாளையத்தில் வீட்டோடு நாலு விசைத்தறி போட்டிருந்தவர். தறிக்காரர் என்றே சொல்கிறேன். அவர் ஒரே ஒரு நாதசுர வித்துவானின் ரெக்கார்டுகளை மட்டும் வாங்குவார். அந்த வித்துவான் வாசித்து வெளிவந்த ரெக்கார்டு அத்தனையும் அவரிடம் இருந்தது. ஓட்டிக் கேட்பதற்குப் பாட்டுப் பெட்டி இல்லை. நான் விற்கிற ஆள் அல்லவா, ஒருநாள் பெட்டியும் வாங்கச் சொன்னேன்.

"ஏனுங்க, கரண்ட் இருந்தா தறி ஓடும். தறி ஓடறப்போ பக்கத்துல இருக்கறவன் பேசறதே கேக்காது. கரண்ட் போனா தறி நிக்கும், ஊடு அமைதியாயிரும். ஆனா கரண்ட் இல்லாம பெட்டி பாடுமுங்களா?"

அவர் கேட்பதெல்லாம் என் கடையில், சோதித்துக் காட்டும்போதுதான். ஞாயிற்றுக்கிழமை தறியை நிறுத்திவிட்டு பஸ் ஏறி வருவார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு பக்கமும் நின்றபடியே கேட்பார். காசைக் கொடுத்து, ரெக்கார்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு போய் மர அலமாரியில் வரிசையில் வைத்துவிடுவார். ஒரு ரெக்கார்டை வாழ்நாளில் ஒரே ஒரு தடவை கேட்கிற மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்த வித்துவான் இறந்துபோனார். காலமாவதற்குச் சில மாதம் முன்பு அவர் வாசித்துப் பதிவானதைக் கம்பெனி வெளியிட்டது. ஒரு பக்கம் தோடி, மறுபக்கம் கல்யாணி. இனி அவர் ரெக்கார்டு வரப்போவதில்லை என்றதும் இத்தனை நாள் அவர் பெயரையே கேள்விப்படாதவர்களுக்கும் அது வேண்டியதாகிவிட்டது. வைகாசி முகூர்த்தங்கள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தன. பெண் வீட்டார், "அந்தப் புது நாயனம் இருக்குதா?" என்று கேட்டுவிட்டுத்தான் மைக் செட்டுக்கு முன்பணம் கொடுத்தார்கள்.

சென்னையிலிருந்து முதல் பார்சல் வந்த அன்று, மலையடிவாரத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து ஒரு மைக் செட்காரர் வந்தார். பட்டிக்காரர் என்று வைத்துக்கொள்வோம். பாதிக்கு மேல் அவரே வாங்கினார். செட் ஒன்றுதானே, இத்தனை எதற்கு என்று கேட்டேன். ஒன்று தேய்ந்தால் ஒன்று என்றார். இரண்டே நாளில் அந்த ரெக்கார்டுகள் ஆத்தூரிலும் ராசிபுரத்திலும் இரட்டை விலைக்கு விற்றன. ஞாயிற்றுக்கிழமை தறிக்காரர் வந்தபோது என் அலமாரியில் ஒன்றும் இல்லை.

"அது ஒண்ணு கெடைச்சுட்டா வரிசை முடிஞ்சுருமுங்க" என்றார். "அடுத்த பார்சல்ல வந்தா போதும்."

ராசிபுரத்தில் கிடைக்கிறதாம் என்று சொன்னேன். அவர் முகம் சுளித்தார்.

"அப்படி வாங்கி அந்த வரிசைல வெக்க மனசு வராதுங்க."

எனக்குக் கோபம் வந்தது. தறிக்காரர் மேல் இல்லை. அடுத்த பார்சலுக்கு முன்பே வாசலில் பலகை மாட்டினேன்: ஆளுக்கு ஒன்று. பார்சல் வந்த அன்று பட்டிக்காரர் தன் பங்குக்கு ஒன்று வாங்கினார். அவர் மனைவி ஒன்று வாங்கினார். மைத்துனர்கள், சகலை, சகலையின் தம்பி என்று ஒரு கல்யாணக் கூட்டமே வந்து ஆளுக்கு ஒன்று வாங்கிப் போனது. சகலையின் தம்பியிடம், எந்தப் பக்கம் கல்யாணி என்று கேட்டேன். கல்யாணி வரவில்லை, வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கிறாள் என்றார்.

மத்தியானம் பலகையை மாற்றினேன்: மைக் செட்டுக்கு ஒன்று, ரசீதுப் புத்தகம் காட்ட வேண்டும். சாயங்காலத்துக்குள் ஆறு புதிய சவுண்ட் சர்வீஸ்கள் தொடங்கப்பட்டிருந்தன. ஆறு பேரின் ரசீதுப் புத்தகத்திலும் அச்சு மை காயவில்லை. ஒன்றைத் தொட்ட என் கட்டைவிரல் நீலமானதுதான் மிச்சம்.

வீட்டில் சாப்பிடும்போது இதைச் சொல்லி ஆத்திரப்பட்டேன். என் மனைவி குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"அந்த ரெட்ட வெலைக்கு நீங்களே வித்தா அவன் எதுக்குங்க வரப்போறான்?"

"அப்புறம் வாசல்ல பகல் கொள்ளைன்னு போர்டு மாட்டிக்கலாம்" என்றேன். கம்பெனி விலைக்கு மேல் ஒரு காசு வைத்து நான் விற்றதில்லை. அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறதோ என்று தோன்றியதால்தான் கோபம் அதிகமாக வந்தது. ரசம் வேண்டாம் என்று எழுந்துவிட்டேன்.

மூன்றாவது பார்சலோடு கம்பெனியிலிருந்து கடிதமும் வந்தது. இதுதான் கடைசி, மறுபடி அச்சடிக்கும் உத்தேசம் இல்லை. இந்த முறை தப்பவிடக்கூடாது என்று யோசித்து யோசித்து ஒரு சட்டம் கண்டுபிடித்தேன். ரசீதை அச்சடிக்கலாம், சகலையைக் கூட்டி வரலாம், குழாயை என்ன செய்ய முடியும்? மைக் செட் வைத்திருப்பவன் வீட்டில் குழாய் இருக்கும், இல்லாதவன் வீட்டில் இருக்காது. பலகையில் எழுதினேன்: குழாய் கொண்டு வந்தால் ஒரு ரெக்கார்டு. ஞாயிற்றுக்கிழமை காலை விற்பனை என்றும் சேர்த்தேன். அது தறிக்காரருக்காக. குழாய்ச் சட்டம் அவரையும் தடுக்கும் என்பது எழுதி முடிக்கும்வரை என் புத்திக்கு எட்டவில்லை.

அந்த ஞாயிறு கடைவீதி பார்த்த காட்சியை அதற்கு முன்னும் பின்னும் பார்த்திருக்காது. குழாயைத் தோளில் சாத்தியபடி ஆட்கள் வரிசையாக நின்றார்கள். இளம்பிள்ளையிலிருந்து வந்தவரிடம் கண்டக்டர் குழாய்க்குத் தனி லக்கேஜ் டிக்கெட் போட்டிருந்தார். அதை என்னிடம் காட்டி, ரெக்கார்டு விலையில் அந்தக் காசைத் தள்ளிக் கொடுக்கச் சொன்னார். எதிர்க்கடை நகைக்காரர் வெளியே வந்து, எந்தக் கட்சி ஊர்வலம் என்று விசாரித்தார்.

விற்பனை நேர்மையாகத்தான் ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு குழாய் வந்தது. விளிம்பில் ஒரு நசுங்கல், உள்ளே சிவப்புப் பெயின்ட். ரெக்கார்டைக் கொடுத்தேன். அடுத்துச் சற்று நேரத்தில் வேறொருவர் தோளில் ஒரு குழாய். விளிம்பில் நசுங்கல், உள்ளே சிவப்பு. மூன்றாம் முறை அது வந்தபோது கொண்டுவந்தவரை விட்டுவிட்டுக் குழாய்க்கே வணக்கம் சொன்னேன். பின்சந்து டீக்கடையில் பட்டிக்காரர் குழாயை வாடகைக்கு விடுகிறார் என்று வரிசையில் நின்றவர்களே சொன்னார்கள். நான் தடுக்கில் பாய்ந்தால் அவர் கோலத்தில் பாய்ந்தார். ஆனால் பலகையில் குழாய் கொண்டு வந்தால் என்றுதான் இருந்தது, யாருடைய குழாய் என்று இல்லை. எழுதியவன் நான். எழுதியபடி விற்றேன்.

தறிக்காரர் வெறுங்கையோடு வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் பலகையை ஒருமுறை படித்தார். அவர் பின்னால் அத்தனை குழாய்களும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. குழாய் இல்லாதவருக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தால் அந்தக் கூட்டம் என் கடையை உடைத்துப் போட்டுவிடும். பின்சந்துக்குப் போய் வாடகைக் குழாய் ஒன்றை எடுத்து வரலாம் என்று குனிந்து மெல்லச் சொன்னேன்.

"இல்லாததை இருக்குதுன்னு தோள்ல போட்டுட்டு வர்றதுங்களா? வேண்டாமுங்க. நீங்க நல்லதுக்குத்தான் சட்டம் போட்டிருக்கறீங்க. நானே அதுல ஓட்டை போடக்கூடாது. வாரேனுங்க."

போய்விட்டார். மத்தியானத்துக்குள் சரக்கு தீர்ந்தது. அவருக்கு என்று ஒன்றை முன்பே எடுத்து வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் கேட்டாள். எடுத்து வைப்பதில்லை என்பது நான் கடை திறந்த நாளிலிருந்து உள்ள சட்டம். மாமனாருக்கே எடுத்து வைத்ததில்லை. இருந்தாலும் அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. ஊரில் அந்த ரெக்கார்டு யார் யாரிடமோ இருக்க, அதை வாங்குவதற்கென்றே பிறந்த மனிதரிடம் இல்லை என்பது நெஞ்சை அரித்தது.

மறுநாள் கடையைத் திறக்காமல் கொண்டப்பநாயக்கன்பட்டிக்குப் போனேன். பட்டிக்காரர் என்னைக் கண்டதும் நாற்காலி போட்டு மோர் கொடுத்தார். கோபமாகப் பேசத் தயாராகப் போனவனுக்கு மோர் கொடுத்தால் என்ன செய்ய முடியும்?

"ஆத்தூர்க்காரன் ஒரு நாள் பொழப்பக் கெடுத்துட்டு, பஸ்ஸுக்குச் செலவு பண்ணி உங்க கடைக்கு வரணும். நான் அவன் ஊட்டுக்கே கொண்டு போய்க் குடுக்கறேன். அந்த அலைச்சலுக்குத்தானுங்க காசு" என்றார்.

அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. ஒரு ரெக்கார்டு வேண்டும், விலை எதுவானாலும் தருகிறேன் என்றேன். அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார்.

"குழாய் கொண்டாந்தீங்களா?"

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். இல்லை. ஈரோட்டு வியாபாரி ஒருவன் வந்து அவரிடம் மிச்சமிருந்ததை மொத்தமாக அள்ளப் பார்த்தானாம். கரூர்ப் பக்கம் கொண்டுபோய் இன்னும் கூட விலைக்கு விற்கும் உத்தேசமாம்.

"இப்படியும் மனுசங்க இருக்கறாங்களேன்னு எனக்கு ஆறவே இல்லீங்க. அதான் உங்க சட்டத்தையே நானும் வெச்சுட்டேன். ரொம்ப நல்ல சட்டமுங்க அது. உங்களுக்கு மட்டும் மாத்துனா மத்தவங்க என்ன நெனைப்பாங்க?"

சட்டம் போட்டவனே சட்டத்தை வளைக்கச் சொல்லிக் கேட்கலாமா? பஸ் ஏறிக் கடைக்குத் திரும்பினேன். என் கடை வாசலில் விளம்பரத்துக்காக ஒரு குழாய் கட்டியிருந்தேன். ஏணி வைத்து அதைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி பஸ் ஏறினேன். லக்கேஜ் டிக்கெட் எடுத்தேன். பட்டிக்காரர் குழாயைச் சுற்றிப் பார்த்துத் திருப்தியடைந்து, இரட்டை விலை வாங்கிக்கொண்டு ரெக்கார்டைக் கொடுத்தார். நான் விற்ற அதே ரெக்கார்டு.

தறிக்காரருக்குக் கார்டு போட்டேன். அடுத்த ஞாயிறு வந்தார். பார்சலின் அடியில் ஒன்று சிக்கிக் கிடந்தது, பிறகுதான் பார்த்தேன், கூட்டம் போன பிறகு சட்டமும் போய்விட்டது என்று சொன்னேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். கம்பெனி விலையை எண்ணி வைத்தார். பிறகு துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். தோடிப் பக்கத்தைப் போட்டேன்.

முழுவதும் கேட்டார். கண்ணில் நீர் வந்ததைத் துடைக்கவில்லை. பக்கம் முடிந்து நான் ரெக்கார்டைத் திருப்பியபோது கையை நீட்டித் தடுத்தார்.

"கல்யாணி வேண்டாமுங்க."

இரண்டு பக்கமும் சோதிக்காமல் கொடுப்பதில்லை என்றேன். அந்தப் பக்கம் கீறல் இருந்தால் திருப்பி எடுக்க முடியாது என்றும் சொன்னேன்.

"எடுக்க வேண்டாமுங்க. அதையும் கேட்டுட்டா, அப்புறம் அவரு வாசிச்சதுல நான் கேக்காதது ஒண்ணும் பாக்கி இருக்காது."

ரெக்கார்டை உறையில் போட்டுக் கொடுத்தேன். அவர் துண்டில் சுற்றிக்கொண்டார். கல்யாணி முடியப்போகும் இடத்தில் வித்துவான் ஒருமுறை மூச்சை இழுத்துக்கொள்வது தெளிவாகக் கேட்கும். விற்ற ஒவ்வொரு ரெக்கார்டையும் சோதித்தபோது அதைக் கேட்டிருக்கிறேன். அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். பிறகு, பள்ளிபாளையம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன்.