புஷ்பபாய் சிஸ்டர் தனக்காக வாங்கிய கம்ப்யூட்டர்

பால் பூத் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது நாகர்கோவிலிலிருந்து போன் வந்தது. "புஷ்பம் அக்கா போயிட்டா அண்ணே. உறக்கத்துலேயே" என்றாள் சிஸ்டரின் கடைசித் தங்கை. டெல்லி ஜனக்புரியின் மொத்தப் போக்குவரத்தும் மரியாதைக்காக ஒரு நிமிடம் நின்றது. நிற்கவில்லை என்று சொல்பவர்கள் கண்ணைச் சோதித்துக்கொள்ளட்டும். பால் வாங்காமலே வீடு திரும்பினேன்.

நம் பகுதித் தமிழர்களில் புஷ்பபாய் சிஸ்டரின் ஊசிக்குத் தப்பியவர் எவரும் கிடையாது. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ்; வீடு திரும்பினால் நமக்கெல்லாம் நர்ஸ். மூன்றாம் மாடியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே முதல் மாடியில் காய்ச்சல் இறங்கிவிடும். இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் அவருடைய சேவையைப் பேசினீர்கள். சரிதான். ஆனால் அந்த அம்மாள் மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் கார் ஓட்டியவர் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. அந்தப் பொறுப்பை வரலாறு என்னிடம் ஒப்படைத்திருக்கிறது.

அப்போது எங்கள் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பிள்ளைகள் படிப்புக்காக வாங்கியது. அந்தக் காலத்து டெல்லியில் கம்ப்யூட்டர் வாங்கிய எல்லோரும் பிள்ளைகள் படிப்புக்காகத்தான் வாங்கினார்கள், பிள்ளை இல்லாதவர்கள் உட்பட. ஒரு காலை, இரவு டியூட்டி முடிந்து என் மனைவிக்கு ஊசி போட வந்த சிஸ்டர், திரையில் கார் பந்தயத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு அஞ்சு நிமிஷம்" என்று உட்கார்ந்தார். எழுந்தபோது சாம்பார் ஆறிப்போயிருந்தது. பிறகு அது வழக்கமாயிற்று. திரையில் வளைவு வந்தால் நாற்காலியோடு சேர்ந்து சாய்வார். ஒருமுறை சாய்ந்த வேகத்தில், பக்கத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவியின் மடியிலேயே வந்து சேர்ந்தார்.

"அண்ணே, இந்த வண்டி ஏன் இப்படித் திக்கித் திக்கிப் போகுது?"

"படத்துக்குன்னு தனியா ஒரு கிராபிக்ஸ் கார்டு வேணும் சிஸ்டர். இது படிக்கிற கம்ப்யூட்டர். ஓடுற கம்ப்யூட்டர் இல்ல."

"அப்பம் ஓடுறத வாங்குவோம்."

சொல்லிவிட்டாரே ஒழிய, அது அவருக்கு லேசான காரியமில்லை. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் சம்பளம் டெல்லியில் ஓர் இரவு தங்கியதில்லை. அன்றே ஊருக்கு ரயிலேறிவிடும். தங்கைகளின் கல்யாணம், தம்பியின் படிப்பு, வீட்டுக்கு மாடி. தனக்கென்று கல்யாணம்கூட அவர் செய்துகொள்ளவில்லை. இப்போது சம்பளப் பாக்கி, அரியர்ஸ் என்று மொத்தமாக ஒரு தொகை கைக்கு வந்திருந்தது. கடைசித் தங்கையின் வீட்டுக்காரர் அதில் ஒரு மோட்டார் சைக்கிளைக் கனவு கண்டுகொண்டிருந்தார்.

கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த நேரு பிளேஸுக்குப் போகும் பஸ்ஸில் சிஸ்டர், "எனக்குன்னு ஒண்ணும் வாங்கினதில்ல அண்ணே. நினைச்சாலே கூச்சமா இருக்கு, கேட்டியளா" என்றார். நான் உடன் போனது ஆலோசகராக. என் தகுதி? எங்கள் பாங்குக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது தேங்காய் உடைத்தவன் நான்.

கடைக்காரர் ஒரு சர்தார்ஜி. "கிஸ்கே லியே, மேடம்? பச்சோங் கி படாயி?" யாருக்கு, பிள்ளைகள் படிப்புக்கா என்றார். பழக்கதோஷம். "ஹாங் ஜி, படாயி" என்று நான் முந்திக்கொண்டேன். அவ்வளவுதான். பிரிண்டர் வந்தது, அகராதி சி.டி. வந்தது, மேஜை கொள்ளாத மானிட்டர் வந்தது. கிராபிக்ஸ் கார்டு மட்டும் வரவில்லை. படிப்புக்கு அது எதற்கு?

சிஸ்டர் தலையாட்டத் தொடங்கியிருந்தார். ஊரிலிருந்து போன் வரும்போதெல்லாம் ஆட்டும் அதே தலையாட்டல். தலை பாதி இறங்கி, நின்றது.

"நஹீ பையா" என்றார். "மேரே லியே. கேல்னே கே லியே."

எனக்குத்தான். விளையாடத்தான்.

நேரு பிளேஸின் புறாக்கள் அனைத்தும் எழுந்து ஒருமுறை வட்டமிட்டு உட்கார்ந்தன. சர்தார்ஜி பிரிண்டரைத் தள்ளி வைத்தார். "தோ பெஹ்லே போல்னா தா ஜி!" என்று, முதலிலேயே சொல்லாததற்கு என்னைத்தான் முறைத்தார். கண்ணாடி அலமாரியிலிருந்து கார்டை எடுத்து சிஸ்டர் கையில் கொடுத்தார்.

இருந்த பணத்துக்குள் எல்லாம் அடங்க வேண்டுமே. நீல விளக்கு எரியும் கேபினெட் ஒன்று இருந்தது, முகலாயர்கள் பார்த்திருந்தால் செங்கோட்டையை இடித்துவிட்டு அதில் குடியேறியிருப்பார்கள். அதற்காக நான் வாதாடினேன்.

"கேஷுவால்டில சத்தம் போடுறவன மொதல்ல பாக்கக் கூடாது அண்ணே. மூச்சு விட முடியாம கிடக்கான் பாருங்க, அவனத்தான் மொதல்ல பாக்கணும். இந்த டப்பா சத்தம் போடுது. மூச்சு எங்க இருக்கு?"

நான் கார்டைக் காட்டினேன். சர்தார்ஜி பவர் சப்ளையைக் காட்டினார். டெல்லி கரண்டின் குணம் அவருக்குத் தெரியும். இரண்டும் பட்டியலில் நின்றன. கேபினெட் சாம்பல் நிறத் தகரமாயிற்று. மானிட்டர் பழசு. ஸ்பீக்கர் பிறகு. கடைசியில் சிஸ்டர் ஒரு ஸ்டீயரிங் சக்கரத்தைக் கையிலெடுத்து ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். "இவன் காத்திருப்பான்."

சிஸ்டர் வீட்டில் எல்லாம் மாட்டி முடித்ததும், முதல் வளைவில் வண்டி திக்காமல் திரும்பியது. சிஸ்டர் முழுதாகச் சாய்ந்தார். அன்று மாலையே ஊரிலிருந்து போன். "கம்ப்யூட்டரா? எதுக்குக்கா?" "விளையாடதுக்கு மக்கா." மோட்டார் சைக்கிளை மாப்பிள்ளை தவணையில் வாங்கிக்கொண்டார். பூமி வழக்கம்போல் சுற்றியது.

நான் ஓய்வுபெற்றபின் வீட்டுக்குள்ளேயே சுருண்டு கிடந்தது உங்களில் சிலருக்குத் தெரியும். வந்தவர்கள் எல்லோரும் கீதை சொன்னார்கள். சிஸ்டர் வாசலில் நின்று, "வீட்டுல எல்லாரும் சத்தம் போடுதாவ. மூச்சு விடாம கிடக்கது நீங்கதான். எந்திச்சு வாங்க, ரேஸுக்கு" என்றார். போனேன். தினமும் தோற்றேன். ஊருக்குத் திரும்பும் நாள்வரை ஒருமுறைகூட அவர் எனக்கு விட்டுக்கொடுக்கவில்லை. அந்த மரியாதைக்கு என்ன கைம்மாறு செய்வேன்?

போன வாரம் நேரு பிளேஸ் போய் ஒரு ஸ்டீயரிங் சக்கரம் கேட்டேன். "போத்தே கே லியே, அங்கிள்?" பேரனுக்கா என்றார் கடைக்காரர். படிப்பு, பேரன், பிறந்தநாள் என்று என் பழைய பொய்கள் எல்லாம் நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றன. அவற்றை விலக்கிவிட்டு, சிஸ்டர் எனக்கு விட்டுப்போன சொத்தை எடுத்தேன்.

"நஹீ ஜி. மேரே லியே. கேல்னே கே லியே."

இப்போது முதல் வளைவு வந்தால் என் உடம்பும் தானாகச் சாய்கிறது. என் மனைவி பீன்ஸைத் தூக்கிக்கொண்டு தள்ளி உட்காருகிறாள்.