ராணிக்குப் பகடை இல்லை

பிரஷர் மாத்திரை தேடி மேசை இழுப்பறையை இன்று மூன்றாவது முறையாகக் கொட்டினேன். பட்டையில் பதினொன்று இருக்க வேண்டும், பத்துதான் இருக்கிறது. பெரம்பலூரில் இந்த வீட்டில் நான் ஒருவன்தான். வேறு யார் விழுங்கியிருப்பார்கள்? நீங்கள் சிரிக்கலாம். மாத்திரைக்குப் பதிலாக ஒரு சிமெண்டுப் பகடை கையில் அகப்பட்டது. முகர்ந்து பார்த்தேன். ஈரக் கலவையின் வாடை அதைவிட்டு எப்போதோ போயிருக்கும்; எனக்கு மட்டும் வந்தது.

ரெட்டிபாளையத்தில் சிமெண்டு ஆலை லேபில் வேலை பார்த்த காலம். பலம் சோதிக்கச் சிமெண்டுக் கட்டைகள் வார்த்த பிறகு மிஞ்சும் கலவையில் ஆளுக்கொரு பகடை வார்த்துக்கொண்டோம். ஆணியால் புள்ளி குத்தி, மற்றக் கட்டைகளோடு தண்ணீர்த் தொட்டியில் இருபத்தெட்டு நாள் போட்டுவைத்தோம். நாள் எண்ணியது நான்.

சாப்பாட்டு வேளையில் கதை விளையாட்டு. வெளிநாட்டிலிருந்து வந்த தன் மச்சான் சொல்லிக்கொடுத்ததை வைத்து, கெமிஸ்ட் துரைசாமி கதை சொல்வார். நாங்கள் ஆளுக்கொரு பாத்திரம். செய்ய நினைப்பதைச் சொல்லிவிட்டுப் பகடையை உருட்ட வேண்டும். நான்கோ அதற்கு மேலோ விழுந்தால் நடக்கும். கலியமூர்த்தி திருடன். நான் மந்திரி. யாருக்கு என்ன பட்டம் என்று எழுதும் நோட்டும் என்னிடம்.

வரதராஜன்பேட்டையிலிருந்து வேலைக்கு வந்த ஆரோக்கியமேரி, "எனக்குத் தளபதி போடுங்க சார்" என்றார்.

"லேடீஸுக்கு ராணிதாங்க. மரியாதையான போஸ்ட்டு" என்றேன்.

"ராணி என்ன சார் பண்ணணும்?"

"கோட்டையில அடைஞ்சி கெடக்கணும். நாங்க வந்து மீட்டுக்கிட்டுப் போவோம்" என்றார் துரைசாமி.

மேரி என்னைப் பார்த்தார். "இவரு படிக்கட்டெல்லாம் எண்ணி முடிச்சி வர்றதுக்குள்ள எனக்கு ரிட்டயர்மெண்டே வந்துடும்."

எல்லாரும் சிரித்தோம். மாலையில் அரியலூர் பஸ்ஸில் அவர் முன்னிருக்கை, நான் பின்னிருக்கை. ஒன்பது நிறுத்தம் பேசிக்கொண்டே வருவோம். என்னிடம் அவ்வளவு நேரம் பேசியவர் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

விளையாட்டுத் தொடங்கிய பத்தொன்பதாம் நாள் மேரி தன் பகடையைக் கையில் எடுத்தார். "கோட்டைக் கதவ நானே தள்ளிப் பாக்குறேன் சார். ஒரே ஒரு தடவ."

நோட்டைப் புரட்டினேன். "ராணிக்குப் பகடை கெடையாதும்மா. ரூல்ல இல்ல."

அப்படியொரு விதியைத் துரைசாமி சொன்னதே இல்லை. நானாக எழுதிக்கொண்டது. மேரி பகடையை என் டிபன் மூடியில் வைத்தார். "வெச்சிக்கிங்க சார். உங்க எண்ணிக்கையில ஒண்ணு கொறையக் கூடாதுல்ல."

மறுநாள் முதல் அவர் பேக்கிங் பெண்களோடு சாப்பிட்டார். பஸ்ஸில் டிரைவர் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். மீட்பதற்கு ராணி இல்லாமல் ஒரு வாரத்தில் கதையும் நின்றது. மன்னிப்புக் கேட்கத் தினமும் ஒன்பது நிறுத்தம் கிடைத்தது. ஒன்பதையும் எண்ணிக்கொண்டு இறங்கினேன். கலியாணமாகி அவர் வேலையை விட்டுப் போகிறவரை அப்படித்தான்.

துரைசாமி இல்லை, கலியமூர்த்தியும் இல்லை. லேப் இருந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. எங்கள் மூன்று பகடைகளும் முனை மழுங்கி எங்கோ தொலைந்தன. இந்த ஒன்றுக்குத்தான் எட்டு முனையும் அச்சிலிருந்து எடுத்த கூர் மாறாமல் இருக்கிறது.

சற்று முன் மேரிக்காக ஒரு தடவை உருட்டினேன். ஐந்து விழுந்தது. கதவு திறந்திருக்கும். அதைச் சொல்ல ஓர் ஆள் இல்லை.