கறை எடுப்பவரின் ஏரி

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கழுத்தில் தொங்கும் பைனாகுலரைத் தூக்குகிறார் சலவைக்கடைக்காரர். அதில் ஒரு கண்ணாடி விரிசல் விட்டது; அதனால் இடது கண்ணை இறுக மூடிக்கொள்வார். மேசையில் யாருடைய சட்டையோ ஒரு கை தேய்த்து ஒரு கை கசங்கிக் கிடக்கும். சன்னலுக்கு வெளியே சாலை, சாலைக்கு அப்பால் ஏரி.

"வந்தாச்சா உங்க ஆளுங்க?" என்பார் கல்லாவில் இருக்கும் மனைவி.

"ஒருத்தனையும் காணோம்."

"அப்போ சட்டையைப் பாருங்க. அது இங்கேயேதான் இருக்கு."

பறவைகளைப் பற்றியும் அவருக்குத் துணிப் பேச்சுத்தான். கொக்கு 'கஞ்சி போட்ட வெள்ளை'. தாழைக்கோழி 'சாயம் போகாத நீலம்'. நீர்க்காகத்தின் மேல் மட்டும் தனிப் பிரியம். அது முங்கி மீன் பிடித்துவிட்டு, ஏரி நடுவே நின்ற பட்டமரத்தில் ஏறி, இரண்டு சிறகையும் விரித்து வெயிலில் உலர்த்தும். "நம்ம தொழில்காரன்யா அவன். கிளிப்பு ஒண்ணுதான் மாட்டலை" என்று வருகிறவர்களிடமெல்லாம் பைனாகுலரை நீட்டுவார். வாங்கிப் பார்த்து ஒரு வார்த்தை மெச்சினால்தான் துணி கைக்கு வரும். அவசரக்காரர்கள் கண்ணில் வைக்கும் முன்பே "அடேயப்பா!" சொல்லிவிடுவார்கள்.

அழுக்கு அவருக்கு ஆகாது. பேச்சு நடக்கும்போதே எதிராளியின் காலரில் ஒட்டிய நூலை எடுத்துவிடுவார். எங்கே போனாலும் கைக்குட்டையை விரிக்காமல் உட்காரமாட்டார், தன் வீட்டு நாற்காலி உட்பட. ஒரு துக்க வீட்டில், அழுத மனிதரைக் கட்டிக்கொண்டு தேற்றியவர், விலகும்போது அவர் தோளைத் தடவிப் பார்த்து, "டீக்கறை. ஊறவிடாதீங்க" என்றாராம்.

அப்படிப்பட்டவருக்கு ஏரியில் மிதக்கும் பிளாஸ்டிக்கைக் கண்டால் தூக்கம் வருமா? குப்பை லாரியை மறித்துச் சண்டை போட்டார். துணி பொதியும் தாளிலெல்லாம் 'ஏரியைச் சுத்தம் செய்வோம்' என்று அச்சடித்தார். நகராட்சி அசையவில்லை. கரையோரக் குடிசைக்காரர்கள் சாக்கடைக்கு ஒரு மூடி கேட்டுக் கேட்டுத் தொண்டை வற்றியபோதும் அசையாத நகராட்சி அது. ஏரியைப் பார்த்தாற்போல் அடுக்குமாடி எழும்பியது. வீடு வாங்குபவர்களுக்குச் சன்னல் வழியே நல்ல காட்சி தேவைப்பட்டது. அடுத்த வாரமே இயந்திரம் வந்து இறங்கிவிட்டது. சாக்கடைக்கு இன்னும் மூடி வரவில்லை.

இயந்திரம் முதலில் பிளாஸ்டிக்கை வாரியது. சலவைக்கடைக்காரர் கை தட்டினார். அப்புறம் நாணலை வாரியது, சம்புப் புல்லை வாரியது, சேற்றுத் திட்டுகளைச் சமன் செய்தது. அவர் தட்டிக்கொண்டே இருந்தார். போதாததற்கு, "அந்தப் பட்டமரம் வெள்ளைச் சட்டையில மைக்கறை மாதிரி நிக்குது. அதையும் எடுத்துடுங்க சார்" என்று நகராட்சிப் பொறியாளரிடம் விரலை நீட்டிக் காட்டியவரும் அவரே.

கரைக்குக் கல் பதித்தார்கள், விளக்கு நட்டார்கள். தண்ணீர் கண்ணாடியாக மின்னியது. பறவைகள் வரவில்லை.

"வீட்டை வெள்ளையடிச்சுத் திறந்து வச்சிருக்கேன், குடித்தனக்காரனைக் காணோமே!" என்று புலம்பினார். பக்கத்து முடிதிருத்தகக்காரர் எட்டிப் பார்த்து, "கண்ணு பட்டுடுச்சுண்ணே" என்றார்.

"கண்ணாவது மண்ணாவது! காரணம் இல்லாம ஒரு கொசு கூட இடம் மாறாது. போய் கத்தியைத் தீட்டு."

அதட்டிவிட்டாரே தவிர, காரணம் அவருக்கும் பிடிபடவில்லை. விளக்கு வெளிச்சமோ? வெயிலோ? தன் கடைச் சோப்புத் தண்ணீரோ என்று சந்தேகப்பட்டு, குழாய் போகிற வழியெல்லாம் நடந்து பார்த்தார். அது ஏரிப்பக்கமே போகவில்லை. தப்பு சோப்பில் இருந்திருந்தால் மாற்றியிருக்கலாமே என்று வருத்தத்தோடு திரும்பினார்.

ஒருநாள் எதிர்க்கரைக்குப் போனார். அங்கே இயந்திரம் இன்னும் இறங்கவில்லை. நாணல் அழுகி நாறியது. அந்த நாற்றத்துக்குள் தாழைக்கோழி குஞ்சுகளோடு நடந்தது. சாய்ந்து கிடந்த ஒரு மொட்டை மரத்தில் அவருடைய தொழில்காரன் சிறகைக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். "இந்தச் சேத்துல என்னடா இருக்கு உங்களுக்கு? அங்கே நான் பளிங்கு மாதிரி வச்சிருக்கேனே!" என்று வாய்விட்டே கேட்டார்.

மறுநாள் கடைக்கே வந்துவிட்டார் பொறியாளர். "அடுத்தது எதிர்க்கரைங்க. நீங்கதான் கொடி அசைச்சுத் தொடங்கி வைக்கணும்."

"சார்... அதை அப்படியே விட்டுடலாமா?"

"ஊரெல்லாம் சுத்தம் சுத்தம்னு கத்தினது நீங்க. அழுக்கு இருக்கட்டும்னு இப்போ சலவைக்காரரே சொன்னா எப்படிங்க?"

சலவைக்கடைக்காரர் தேய்த்து முடித்த சட்டையையே மறுபடி தேய்த்தார்.

பொறியாளர் போனதும் மனைவி கணக்கு தீர்த்தார். "பீரோவைச் சுத்தம் பண்றேன்னு என் கல்யாணப் புடவையைத் தரை துடைக்கப் போட்ட மனுஷன்தானே நீங்க?"

"கிழிஞ்சிருந்துச்சேம்மா."

"கிழிஞ்சிருந்தா? அது எனக்கு வேண்டியது. கேட்டீங்களா என்னை?"

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, சன்னல் வழியே எதிர்க்கரையைப் பார்த்தார்.

குறித்த நாளில், கத்தி போல் மடிப்பு வைத்த வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையுமாக எதிர்க்கரையில் நின்றார். இயந்திரம் உறுமியது. தாழைக்கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு சம்புக்குள் நுழைந்தது. பொறியாளர் கொடியைக் கையில் கொடுத்தார். வாங்கியவர், அதைச் சுருட்டிப் பக்கத்தில் நின்ற முடிதிருத்தகக்காரரிடம் தந்துவிட்டுக் கரையிலிருந்து இறங்கினார். செருப்பு சேற்றில் புதைந்தது. விட்டுவிட்டு நடந்தார்.

"ஐயா, எங்கே போறீங்க? துணியெல்லாம் போச்சு!" என்று கத்தினார் பொறியாளர்.

இயந்திரத்தின் கொடுக்குக்கு நேர் எதிரே போய்த் திரும்பி நின்றார். "பறவைங்க ஏன் போச்சுன்னு எனக்கே விளங்கலை சார். விளங்காம ஒருதடவை பண்ணிட்டேன். விளங்குற வரைக்கும் இன்னொரு தடவை வேணாம்."

ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்தவில்லை. சலவைக்கடைக்காரரின் கை வழக்கம்போல் கால்சட்டைப் பைக்குள் போனது. கைக்குட்டையின் மடிப்பைத் தடவியது. வெறுங்கையாகவே வெளியே வந்தது.

அப்படியே, கரிய சேற்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.