மணியம்மா படைத்த சோறு

மணியம்மா இந்தத் தேயிலை மலைக்கு வந்து பதினெட்டு வருஷம். கொழுந்து பறிப்பாள், வெள்ளிக்கிழமை விரதமிருப்பாள், யாரோடும் ஒரு சண்டை கிடையாது. அவளைத்தான் அன்று காலை கங்காணி கொழுந்து நிரையிலிருந்து கூப்பிட்டார்.

"சாமிக்கு விருந்து வச்சியே, இப்ப உனக்கு விருந்து வைக்க வெள்ளக்காரன் வந்திருக்கான். ஆபீசுக்குப் போ!"

வெள்ளைக்கார அரசு அறிவித்த அவசரகாலம் அது. காட்டில் பதுங்கியிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி சோறு போனாலும் தூக்கு என்று தொழிலாளர் லயமெல்லாம் பேச்சு. மணியம்மாவோ வெள்ளிதோறும் தன் பங்குச் சோற்றை மடியில் மறைத்துக் கொண்டுபோய், காட்டோரத்து முனியாண்டி கல்லுக்கு இலையில் படைத்துவந்தாள். மூன்று வாரமாக இலை துடைத்துவிட்டதுபோல் இருந்தது. சாமி ஏத்துக்கிச்சு என்று லயத்தில் பூரித்துச் சொன்னதும் அவளேதான். கல்லைச் சுற்றிக் காலடித் தடங்களைப் போலீஸ் பார்த்த பிறகுதான் தின்றது சாமியல்ல என்று அவளுக்கு உறைத்தது.

ஆபீசில் வெள்ளைக்கார அதிகாரியின் பக்கத்தில், தோட்டக் கணக்கெழுதும் கிராணி நாகரத்தினம் மொழிபெயர்க்க நின்றார். கேள்வி வந்ததும் அவள் பக்கம் குனிந்தார்.

"'குடுத்தேன்'னு மட்டும் சொல்லிடாதம்மா. நான் 'கிவ்'னு சொன்னா கைக்குக் கை மாறினதா ஆயிடும். அவரு 'சப்ளை'னு எழுதிட்டா, அப்புறம் கயிறுதான்."

"சாமிக்குப் படைச்சேன்யா. அதுக்கு அவங்க பாஷையில வார்த்தை இல்லியா?"

"'ஆஃபர்'னு இருக்கு. ஆனா மனுசனுக்கு நீட்டினாலும் அதே வார்த்தைதான்."

லயத்தில் விட்டுவந்த பிள்ளையை நினைத்தாள். மகள் சாரதாவுக்கு ஆறு வயதுதான்.

அதிகாரி மேசையைத் தட்டினார். நாகரத்தினம் கைகூப்பி, கண்ணை மூடி, தலைகுனிந்து காட்டினார். இங்கிலீசில் நெடுநேரம் பேசினார். பிறகு அவளிடம் திரும்பினார்.

"யாரு தின்னான்னு கேக்கறாரு."

"சாமின்னுதான் நெனச்சேன். சந்தோசப்பட்டேன்யா." அவள் அழுதுவிட்டாள்.

அதிகாரி சிரிக்கவில்லை. எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். அவள் கட்டைவிரலைப் பதித்தாள்.

"என்னய்யா எழுதினாரு?"

"'லெஃப்ட்'. வச்சுட்டு வந்தேன்னு அர்த்தம். குடுத்ததா இல்ல. வீட்டுக்குப் போ. இனி ஒரு பருக்கை வேலியத் தாண்டினா எந்த வார்த்தையும் காப்பாத்தாது-லா."

அடுத்த வெள்ளி அவள் வெறுங்கையோடு அந்தக் கல்லைக் கடந்தாள். காட்டுக்குள் சுள்ளி ஒன்று முறிந்தது. சாமி கோபித்துக்கொள்ளுமோ என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. சோற்றுக்குக் காத்திருப்பவர்கள் அங்கே எத்தனை பேரோ என்று பயந்துதான் நடையை எட்டிப்போட்டாள்.