டேப் இல்லாத முதல் நாள்

பெருமாநல்லூர் ரோட்டில் நான் வேலை பார்த்த பிரிண்டிங் ஷெட்டில் என்னை எல்லோரும் ‘டேப் அம்மிணி’ என்றுதான் கூப்பிடுவார்கள். பனியன் துணியில் படம் அச்சடிக்கிற ஃபிரேம் இருக்கிறதே, அதில் வலைத்துணியும் சட்டமும் சேருகிற நாலு ஓரத்திலும் பிரவுன் டேப் ஒட்டுவது என் வேலை. ஒட்டாவிட்டால் அந்த இடுக்கு வழியாகச் சாயம் கசிந்து குழந்தைச் சட்டையில் சொட்டு விழும். காலையில் ஒட்டுவேன், மாலையில் ஃபிரேமைக் கழுவுவதற்கு முன் உரிப்பேன். மறுநாள் மறுபடியும் ஒட்டுவேன். “இதெல்லாம் ஒரு பொழப்பா?” என்று என் நாத்தனார் கேட்பாள். “நீ வந்து ஒரு நாள் ஒட்டிப் பாரு, அப்பத் தெரியும்” என்பேன்.

அந்த வேலையை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் வேறு. ஷெட்டுக்கு அடுத்த சந்தில்தான் பால்வாடி. மூன்று வயது மகள் அங்கே இருந்தாள். நான் ஊட்டினால்தான் வாயைத் திறப்பாள், அப்படி ஓர் அழுத்தக்காரி. மதியம் ஓடிப்போய் நாலு வாய் ஊட்டிவிட்டு ஓடி வருவேன். பெரிய கம்பெனியில் அந்த நேரத்துக்கு கேட்டைத் தாண்ட விடுவார்களா?

ஒரு நாள் ஓனர் கூப்பிட்டார். “தப்பா நெனச்சுக்காதீங்க அம்மிணி. ஃபிரேம் ஓரத்தையெல்லாம் லாக்கர்னு ஒரு பூச்சு வெச்சு ஒரேயடியா அடைச்சிரலாம்னு இருக்கறனுங்க. அப்பறம் டேப்பே வேண்டியதில்லீங்க. அடுத்த வாரத்துக்கு மேல வேற எடம் பாத்துக்குங்க.” வேலையை விட்டு நிறுத்துவதைக்கூட எங்கள் ஊரில் இவ்வளவு மரியாதையாகத்தான் சொல்வார்கள். எதிர்த்துப் பேச வாய் வராது.

அதைவிடக் கொடுமை, அந்த அடைக்கிற வேலையையும் என் தலையிலேயே கட்டினார். என் சோற்றில் நானே மண்ணை அள்ளிப் போட வேண்டும்! ஸ்கிரீன் ரூமில் ஒரு பாய் இருந்தார், என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். ஃபிரேமில் படத்தை ஏற்றி ஸ்கிரீன் தயாரிப்பவர் அவர்தான். அவர் லாக்கரைக் கலந்து தருவார். நான் பிரஷ்ஷால் இடுக்கில் ஓட்டுவேன். முன்பக்கம் ஒரு தடவை, பின்பக்கம் ஒரு தடவை. நகப்பாலிஷ் வாசனை. காய்ந்ததும் பாய் ஒவ்வொரு ஃபிரேமையும் டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். ஒரு ஃபிரேமின் மூலையில் விரலை வைத்தார்.

“அம்மிணி, இங்க ஊசி போற ஓட்டை ஒண்ணு இருக்குதுங்க.”

அந்த ஓட்டையைத் தெரிந்தேதான் விட்டிருந்தேன். கசிந்தால் டேப் திரும்பி வரும் என்று ஒரு நப்பாசை. பாய் என் முகத்தைப் பார்த்தார். பிரஷ்ஷை வாங்கி அவரே அடைத்துவிட்டார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. மிச்ச ஃபிரேம்களை ஒழுங்காக அடைத்தேன்.

டேப் இல்லாத முதல் நாள் ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. அன்று நீலத் துணியில் பச்சைக்கிளி. பச்சை உடம்பு, சிவப்பு மூக்கு, வெள்ளையில் கண்ணும் சிறகுக் கோடும். கலர் துணி என்றால் வெள்ளையை முதலில் அடியில் ஓட்டுவதுதான் வழக்கம். பிரிண்டர் பையன்கள் அந்தக் கைப்பழக்கத்தில் வெள்ளையை முதலில் ஓட்டி, அதன் மேல் பச்சையை ஓட்டிவிட்டார்கள். பச்சை எல்லாவற்றையும் மூடிவிட்டது. நான் வெளியே மிச்ச ஃபிரேம்களைக் காயவைத்துக்கொண்டிருந்தேன்.

“ஏனுங்க, கிளிக்குக் கண்ணு எங்கீங்க?” ஓனர் போட்ட சத்தத்தில் உள்ளே ஓடினேன். நீள மேஜை முழுக்கக் குருட்டுக் கிளிகள்.

பீகார்க்காரப் பையன் கையை விரித்தான். “நம்பர் இல்லே, அண்ணா.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு நிறத்துக்கு ஒரு ஃபிரேம்; எந்த நிறம் முதலில், எது கடைசியில் என்று ஆபீஸ் அட்டையைப் பார்த்து நான்தான் தினமும் எழுதுவேன். எழுதுவது டேப்பின் மேலே. அதை ஒரு வேலை என்று நானே நினைத்ததில்லை.

“நம்பரு டேப்புல இருந்துச்சுங்க. டேப்போட அதுவும் போயிருச்சுங்க” என்றேன். குரலில் கொஞ்சம் குஷி இருந்தது, பொய் சொல்வானேன்!

பாய்தான் வழி சொன்னார். “துணிய மேஜையிலிருந்து எடுக்காம இன்னொரு தடவ வெள்ளைய ஓட்டுனா சரியாப் போயிருங்க.” அப்படியே ஓட்டினார்கள். மதியத்துக்குள் எல்லாக் கிளியும் கண் திறந்துவிட்டது. ஓனர் என்னைப் பார்த்து, “நீங்க ஸ்கிரீன் ரூம்லயே இருங்க அம்மிணி, நம்பரெல்லாம் பாத்துக்குங்க” என்றார். பால்வாடிக்கு ஓடினேன். மகள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு எனக்காக உட்கார்ந்திருந்தாள்.

இப்போது அவள் காலேஜ் போகிறாள். ஸ்கிரீன்கள் எல்லாம் நானே போடுகிறேன். டேப்பைச் சர்ரென்று உரிக்கிற சத்தத்துக்கு இன்றும் மனசு ஏங்குகிறது. ஸ்கிரீன் போடக் கற்ற பிறகுதான் ஒன்று புரிந்தது. போட்டவருக்கு எது மேலே வரவேண்டும் என்பது பார்த்ததுமே தெரியும். அன்று ஃபிரேமைக் காயவைக்கும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேனே, முதல் தடவை வெள்ளையை ஓட்டுகையில் பாய் டீ கிளாஸோடு மேஜை ஓரத்தில்தான் நின்றிருந்தார்.

காங்கேயத்தில் சொந்தமாகக் கடை போட அவர் கிளம்பிய அன்று கேட்டேவிட்டேன். “ஏனுங்க பாய், அன்னிக்குப் பக்கத்துலதான நின்னீங்க? உங்களுக்குத் தெரியலீங்களா?”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னார். “அன்னிக்குக் கண்ணாடிய ஊட்டுலயே வெச்சுட்டு வந்துட்டனுங்க அம்மிணி.”

அந்த மனிதர் கண்ணாடி போட்டு நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.