மூன்றாவது கூப்பாடு

கடற்கரைக்கென்று கிளம்பினால் கடலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காட்டுவது சித்தப்பாவின் வழக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமையும் முத்தியால்பேட்டையிலிருந்து எங்களை நடத்திக் கூட்டிவந்து, பிரெஞ்சுக்காரன் காலத்துப் பழைய கோர்ட்டு வாசலில் நிறுத்தினார். கோர்ட்டு வேறு இடத்துக்குப் போய்விட, கட்டடம் மியூசியமாகியிருந்தது. அத்தை மட்டும் உள்ளே வரவில்லை. கால் வலிக்கிறது என்று வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டாள். வழியெல்லாம் எங்களுக்கு முன்னால் நடந்தவளுக்கு இப்போது என்ன கால்வலி என்று எனக்கு எரிச்சல்.

உள்ளே நீதிபதியின் மேடை, நாற்காலி, சாட்சிக் கூண்டு எல்லாம் அப்படியே இருந்தன. கோர்ட்டு இங்கே நடந்தவரை டவாலி வாசலில் நின்று ஆளின் பெயரை மூன்று முறை கூப்பிடுவார், அதற்குள் வராவிட்டால் எதிராளி பக்கமே கேஸ் முடிந்துவிடும் என்று சுற்றிக்காட்டியவர் சொன்னார். இதைக் கேட்டபின் சித்தப்பா சும்மா இருப்பாரா? வாசலுக்குப் போய், தொண்டையைச் செருமிக்கொண்டு, அத்தையின் பெயரை நீட்டி முழக்கினார். நான் மேடையைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கடியில் புகுந்து நீதிபதி நாற்காலியில் ஏறிக்கொண்டேன்.

மூன்றாவது கூப்பாட்டுக்கு முன்பே அத்தை ஓடி வந்தாள். செருப்பை வாசலில் உதறிவிட்டு, நேராகக் கூண்டில் ஏறிக் கைகூப்பி நின்றாள். மூச்சு வாங்கியது. சித்தப்பா சிரித்தார். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். அடேயப்பா, என்ன நடிப்பு! பிறகு எங்கள் டீச்சர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, ஏன் லேட்டு என்று அதட்டினேன்.

“பையன் தாகம்னு அழுதானுங்க. தண்ணி புடிக்கக் குழாய்க்குப் போனேன். அதுக்குள்ள கூப்ட்டுட்டாங்க.”

சித்தப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கோ குஷி தாங்கவில்லை.

“சரி சரி, பையனக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போம்மா” என்று தீர்ப்புச் சொன்னேன்.

அத்தை கூப்பிய கையை இறக்காமல் என்னையே பார்த்தாள். அப்புறம் மெதுவாகக் கீழே இறங்கினாள். சித்தப்பா அவளுடைய செருப்பை எடுத்துவந்து காலருகே வைத்தார். இவ்வளவு நல்ல தீர்ப்பை ஒருவரும் பாராட்டவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அத்தைக்கு ஒரு மகன் உண்டென்றும், அதே கோர்ட்டில் கேஸ் நடந்தபோது மூன்று முறை கூப்பிட்டும் அவள் வராததால் அவனை அவன் அப்பாவிடமே கொடுத்துவிட்டார்கள் என்றும் நான் வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. அன்று வெளியே வந்ததும் அத்தை வராந்தா ஓரத்துக் குழாயடியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

“தாகமா இருக்கா அத்த?” என்று கேட்டேன்.