ஒல்லாந்தரின் சைக்கிள் கடையில் நாலு வருஷம்

பந்தயச் சைக்கிள் திருத்துகிறவனுக்குப் புகழ் கிடையாது. வென்றால் ஓடினவனின் கால் நல்ல கால், தோற்றால் நான் பூட்டின செயின் கூடாத செயின். வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டே வேலை செய்த யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. எழுபதுகளின் நடுவில் மெல்பேர்ணில் எனக்குக் கிடைத்த முதலாளி வில்லெம் என்ற ஒல்லாந்தர், நெதர்லாந்துக்காரர். ஐரோப்பாவில் சைக்கிள் பந்தயம் ஓடிவிட்டு முப்பது வயதில் இங்கே குடியேறியவர். நாற்பதிலும் ஞாயிறு தவறாமல் ஓடினார்.

வேலை கேட்டுப் போனது

என் எஞ்சினியரிங் சேர்டிபிகேட்டை அவர் பார்க்கவேயில்லை. கம்பியெல்லாம் கோணிப்போன சைக்கிள் சில்லு ஒன்றைக் கையில் தந்து, உட்காரச் சொல்லிக் கதிரையைக் காட்டினார். அரை மணித்தியாலத்தில் நேராக்கிக் கொடுத்தேன். சில்லைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, எந்த ஊர் என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றேன். அவருக்குத் தெரியவில்லை.

"உங்கட ஆக்கள் கட்டின கோட்டை ஒண்டு அங்க இருக்கு. இண்டைக்கும் அசையாமல் நிக்குது" என்றேன்.

அவர் சில்லைச் சுவரில் மாட்டினார். "அப்ப அது என்ர சொந்தக்காரர் கட்டினதில்லை. திங்கக்கிழமை வாரும்."

இரவல் சில்லு

புதுச் சைக்கிள் வாங்க வந்த வாத்தியார் ஒருவர், ஐரோப்பாவில் எத்தனை பந்தயம் வென்றீர்கள் என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றார் வில்லெம். குழுத் தலைவனுக்குத் தண்ணீர் கொண்டுபோவதும், முன்னால் ஓடிக் காற்றைத் தடுத்துக் கொடுப்பதும்தான் அவருடைய வேலையாம். ஒரே ஒருநாள் தனியாக முன்னால் போய்விட்டார். முடிவிடத்துக்கு நாலு மைல் இருக்கும்போது குழுவின் கார் பக்கத்தில் வந்தது. பின்னால் தலைவனுக்கு ரயர் வெடித்துவிட்டது, நில் என்றார்கள். நின்று, தன் முன்சில்லைக் கழற்றிக் கொடுத்தார். தலைவன் வென்றான்.

வாத்தியாருக்கு முகம் வாடிவிட்டது. "பிறகு அவர் உங்களுக்கு என்ன சொன்னார்?"

"சில்லில காத்துக் கொஞ்சம் குறைவு எண்டார்."

வெரிபீயில் விழுந்தது

மெல்பேர்ணுக்கு வெளியே வெரிபீப் பக்கம் ஒரு பந்தயத்தில் பக்கக் காற்று அடித்து ஏழெட்டுப் பேர் ஒன்றாகச் சரிந்தார்கள். அடியில் கிடந்தவர் வில்லெம். இடது தோள் எலும்பு முறிந்துவிட்டது. அவருடைய மனைவி அன்னெக்கேயைக் கடையின் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலருகே போய் நின்றோம். வில்லெம் கண் விழித்தார். முதலில் என்னைப் பார்த்து, "சைக்கிள் எப்பிடி?" என்றார்.

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அன்னெக்கே போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னார்: "முதல்ல என்னைப் பற்றிக் கேட்டிருந்தால், இன்னும் பத்துப் பந்தயம் ஓட விட்டிருப்பன். இப்ப ஒண்டே ஒண்டுதான்."

அந்த ஒன்று

ஏழு மாதம் கழித்து அந்த ஒன்றை ஓடினார். வயதானவர்களை முதலிலும் கெட்டிக்காரர்களைக் கடைசியிலும் அனுப்புகிற பந்தயம். கடை வானில் நானும் அன்னெக்கேயும் பின்னால் போனோம். கூட வந்த கிழவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுவிட, வில்லெம் தனியாகப் போனார். இடது கை சரியாக மடங்காததால் ஒரு பக்கம் சாய்ந்துதான் ஓடினார். கடைசி மேட்டில் திரும்பிப் பார்த்தேன். இளம் கூட்டம் வந்துகொண்டிருந்தது. அதுவரை பின்னிக்கொண்டிருந்த அன்னெக்கே கம்பளி நூலைக் கீழே போட்டுவிட்டு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் தன் பாஷையில் கத்தத் தொடங்கினார்.

ஒரு சில்லு இடைவெளியில் வில்லெம் வென்றார். முடிவுக் கோட்டைத் தாண்டியும் நிற்கவில்லை, ஓடிக்கொண்டேயிருந்தார். தேடிப் போனோம். அரை மைல் தள்ளி, சைக்கிளைப் பிடித்தபடி தெருவோரத்தில் நின்றார். கண் சிவந்திருந்தது. ஏன் நிற்காமல் வந்தீர்கள் என்று கேட்டேன்.

"இருபது வருஷம் ஓடியிருக்கிறன். முதலாவதாக வந்தால் பிறகு என்ன செய்யவேணுமெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லித்தரேல்லை."

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அவர் அந்தப் பந்தயத்தை விவரிக்க, எல்லாருடைய சைக்கிளையும் நான் ஒருவனே திருத்த வேண்டியதாயிற்று.